பிள்ளையின் நோவும் பெரியோரின் பொறுமையும்

பொறுமையைப் போற்றாத அறநூல் நம்மிடையே இல்லை. ஏட்டில் மட்டுமன்றி, வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வைத்தியசாலையிலும் நாள்தோறும் நாம் கேட்டுப் பழகிய சொல் அது. கால் முறிந்து, சத்திரசிகிச்சை செய்யப்பட்டுக் கட்டிலிற் கிடக்கும் பிள்ளைக்கும் அச்சொல்லே பெரும்பாலும் முதல் மருந்தாகக் கொடுக்கப்படுகின்றது. “கொஞ்சம் பொறுத்துக்கொள், ராசா” என்று தாய் கண்ணீரோடு கூறுகிறாள். “ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ?” என்று தந்தை கூறுகிறார். “சத்தம் போடாமற் படு” என்று விடுதியிற் பணிபுரிவோர் கூறுகின்றனர். மூவர் கூற்றிலும் தொனி வேறு, பொருள் ஒன்றே. நோவு உன்னுடையது, அதனைத் தாங்குதலும் உன் கடமை என்பதே அப்பொருள்.

நீக்கத்தக்க நோவைத் தாங்கிக்கொள்ளுமாறு பிறரொருவரை, அதிலும் ஒரு பிள்ளையை, கேட்பதற்கு எமக்கு என்ன உரிமை உண்டு? இவ்வினாவை வைத்தியர்களிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பது வைத்தியத்தின்பாற்பட்டது. யாருடைய நோவை நோவென்று ஏற்றுக்கொள்வது என்பதோ அறத்தின்பாற்பட்டது. பின்னையது தீர்க்கப்படாதவிடத்து முன்னையது பயன்படுவதில்லை.

உடம்பிலே நிகழ்வது யாதென்பதை முதலில் நோக்குவோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மாமரத்திலிருந்து விழுந்தோ, மோட்டார்ச் சைக்கிள் மோதியோ தொடையென்பை முறித்துக்கொண்டான் எனக் கொள்வோம். இவ்வயதுப் பிள்ளைகளுக்கு, வளையுந் தன்மையுள்ள உலோகக் கம்பிகளை என்பின் உட்குழியினூடாகச் செலுத்தி முறிவை நிலைநிறுத்தும் சிகிச்சை பல நாடுகளில் வழக்கிலுண்டு. என்பைப் போர்த்திருக்கும் சவ்வு நரம்பு நுனிகள் செறிந்த ஒன்று. முறிவின்போதும் சிகிச்சையின்போதும் அது கிழிபடுகின்றது. தொடையின் பெருந்தசைகள் தாமாகவே இறுகித் துடிக்கின்றன. வீக்கம் கூடுகின்றது. இவை மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் நோவு, அனுபவித்த வளர்ந்தோர் எவரும் எளிதில் மறப்பதன்று.

இந்நோவை முற்றாக இல்லாவிடினும் பெருமளவுக்குத் தணிக்கும் வழிகளை இன்றைய வைத்தியம் நன்கறியும். பிள்ளை மயக்கத்திலிருக்கும்போதே, கவட்டின் அருகே தொடைக்குச் செல்லும் நரம்பைச் சூழ உணர்வகற்றும் மருந்தைச் செலுத்தினால், விழித்தெழுந்த பின்னும் பல மணி நேரம் கால் அடங்கியிருக்கும். பனடோல் என்று நாம் வழங்கும் பரசிற்றமோலையும், தகுந்த பிள்ளைகளுக்கு இபுபுரோபனையும், பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் வேளை தவறாது கொடுத்தால், மோர்பின் போன்ற வலிய மருந்தின் தேவை குறையும். அவற்றுக்கும் அடங்காத நோவுக்கு மோர்பின் உண்டு. இவற்றோடு, இனி என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைத்தலும், தாயை அருகிருக்க விடுதலும், காலை உயர்த்தி வைத்தலும், கதையோ விளையாட்டோ கொண்டு மனத்தைத் திருப்புதலும் சேரவேண்டும். நோவும் அச்சமும் ஒன்றையொன்று வளர்ப்பன. ஆதலின் அச்சத்தைத் தணிப்பதும் நோவைத் தணிப்பதேயாகும்.

எனினும், ஒரு மணிநேரத்தை நாம் தனியாகக் கவனித்தல் வேண்டும். பகலிற் செய்த சத்திரசிகிச்சையின்போது நரம்பைச் சூழ இட்ட மருந்து பெரும்பாலும் இரவிலேயே தன் வலுவை இழக்கின்றது. அந்நேரத்தில் விடுதியில் தாதியர் தொகை குறைவு. பெரிய வைத்தியர் வீட்டிலிருப்பார். மருந்துச் சீட்டிலோ ‘தேவைப்படின் கொடுக்கவும்’ என்று எழுதப்பட்டிருக்கும். இச்சிறு வாக்கியத்தை நாம் ஆராய்ந்து பார்த்தல் தகும். தேவையை அறிவிப்பவர் யார்? நோவிற் கிடக்கும் பிள்ளை. கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மருந்து கிடைக்கும்; கேட்க அஞ்சிய பிள்ளைக்குக் கிடையாது. நோவு முற்றியபின் அதனை அடக்குவதிலும் முற்றுமுன் தடுப்பது எளிது என்பதை வைத்திய உலகம் அறிந்திருந்தும், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்தை, அழுகையைப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் பலவிடங்களில் நீடிக்கின்றது. இரக்கமின்மை இதற்குக் காரணமன்று. ஆள் பற்றாக்குறையும், பழக்கமும், பிள்ளையின் சொல்லுக்கு நிறை குறைவு என்னும் எண்ணமுமே காரணங்கள்.

பிள்ளையின் சொல்லை நம்பாத இவ்வெண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1977இல் அமெரிக்காவில் ஜோஆன் ஈலண்ட் என்னும் தாதிய ஆய்வாளரும் அவருடைய துணையாசிரியரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் பெயர்பெற்றது. சத்திரசிகிச்சை செய்யப்பட்ட 25 பிள்ளைகளுள் 13 பேருக்கு நோவு மருந்து எதுவுமே கொடுக்கப்படவில்லை. எஞ்சிய 12 பேருக்கும் வைத்தியசாலையில் இருந்த காலம் முழுவதும் மொத்தமாகக் கிடைத்தவை 24 வேளை மருந்துகள். ஒத்த நோய்நிலையிலிருந்த வளர்ந்தோர் 18 பேருக்குக் கிடைத்தவையோ 671 வேளைகள். கைக்குழந்தைகளின் நிலை இதனினுங் கொடிது. அவர்களின் நரம்புகள் முதிராதவை, அவர்களுக்கு நோவு தெரியாது என்று நம்பி, அசையாதிருக்கும் மருந்தை மட்டும் கொடுத்து அறுவை செய்யும் வழக்கம் 1980கள் வரை மேலைநாடுகளிலும் இருந்தது. 1987இல் வெளிவந்த, ஆனந்த் என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவரும் ஒக்ஸ்போர்டில் நிகழ்த்திய ஆய்வு, தக்க நோவு மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் குறைந்த அதிர்ச்சியுற்றதையும், அவர்களுக்குப் பின்விளைவுகள் குறைந்ததையும் காட்டிற்று. அதன் பின்னரே அவ்வழக்கம் ஆட்டங் கண்டது. அழுத குழந்தைகள் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததை, இரத்தத்தை அளந்த பின்னரே அறிஞர் நம்பினர்.

நோவு குறைவாகத் தெரியும் என்று சொல்லப்பட்டவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றியும் 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வைத்தியர் பலர் அவ்வாறே எழுதினர். அந்நிழல் இன்றும் மறையவில்லை. குடல்வால் அழற்சியோடு அவசர சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, ஒரே கடுமையான நோவுக்கு வெள்ளையினப் பிள்ளைகளிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வலிய மருந்து அரிதாகவே கொடுக்கப்பட்டமையை எடுத்துக்காட்டிற்று. இவ்வுண்மைகளை ஒருங்கு வைத்து நோக்கின் ஒன்று தெளிவாகும். யாருக்கு அதிகாரம் இல்லையோ அவருக்கு நோவும் குறைவு என்று அதிகாரமுள்ளோர் நம்பிக்கொள்கின்றனர். அந்நம்பிக்கை அவர்களுக்கு வசதியானது. அறியாமை போலத் தோன்றும் இஃது உண்மையில் ஒரு சமுதாய உறவின் வெளிப்பாடாகும்.

பிறர் நோவை நாம் நேரே அறிய இயலாது. ஆதலின் ஐயுறுதல் நியாயமே எனச் சிலர் வாதிடுவர். பிறர் நோவை நேரே அறிய இயலாது என்பது மெய்தான். ஆயின் ஐயத்தின் பயன் யாரைச் சேரவேண்டும்? நோவுள்ளது என்று சொல்பவரின் சொல்லே நோவுக்கு அளவுகோல் என்னும் கருத்தை மார்கோ மக்கஃபரி என்னும் அமெரிக்கத் தாதி 1968இல் முன்வைத்தார். நோவுபற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இற் திருத்திய தன் வரையறையிலும், ஒருவர் தமக்கு நோவு என்று கூறுவதை மதிக்கவேண்டும் என்றும், சொல்ல இயலாமை நோவின்மைக்குச் சான்றாகாது என்றும் விளக்கியுள்ளது. சொல்ல இயலாத சிறு பிள்ளைகளின் முகத்தையும் காலசைவையும் அழுகையையும் கொண்டு நோவை மதிப்பிடும் அட்டவணைகள் உள்ளன. சற்று வளர்ந்தோர் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த படங்களுள் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. கேட்கும் மனமும் கேட்டதைக் குறித்துவைக்கும் ஒழுங்குமே வேண்டும்.

கேட்டாலும் பிள்ளை உண்மை சொல்லுமா என்பது அடுத்த வினா. பிள்ளைகள் பொய் சொல்வதுண்டு. ஆயின் பெரும்பாலோர் எண்ணுகின்ற திசையிலன்று. நோகுது என்றால் ஊசி போடுவார்கள் என்று அறிந்த பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு “நோகேல்லை” என்கிறது. அதனைக் கெட்டிக்காரப் பிள்ளை, பொறுமைசாலி என்று பாராட்டுகிறோம். நாம் பாராட்டுவது அப்பிள்ளையின் அச்சத்தையேயன்றி வேறில்லை. குடிக்கும் மருந்தாகவோ, ஏற்கனவே கையிற் பொருத்தியுள்ள குழாய் வழியாகவோ கொடுக்கக்கூடியதைத் தசையில் ஊசியாக ஏற்றுவது, மருந்தையே தண்டனையாக்கி உண்மையை ஒளிக்கக் கற்றுக்கொடுப்பதாகும்.

மொழி பற்றியும் இங்கு ஒன்று கூறவேண்டும். நோவைக் குறிக்க நம் பேச்சுவழக்கிலுள்ள சொற்கள் பல: நோகுது, உளையுது, குத்துது, எரியுது, கடுக்குது, விறைக்குது. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. முறிந்த இடம் நோகும், தசை உளையும், இறுகிய கட்டின் கீழே கால் எரியும், விறைக்கும். விறைப்பும் எரிவும் கட்டு இறுகிவிட்டது என்பதற்கோ இரத்தவோட்டம் தடைப்படுகிறது என்பதற்கோ முன்னறிவிப்பாகலாம். பிள்ளையின் சொல் அத்துணைப் பயனுடையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, வைத்திய நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் இதனை உணர்ந்திருந்தார் எனலாம். மலையகத் தோட்டத்திலிருந்து தன் பிள்ளையைத் தூக்கிவரும் தாய், தன் மொழி விளங்காத விடுதியொன்றில் நிற்கும்போது, எரிவுக்கும் விறைப்புக்கும் உள்ள வேறுபாட்டை யாரிடம் எடுத்துரைப்பாள்? மொழியுரிமை என்பது மேடைப்பேச்சுக்கு மட்டும் உரியதன்று. இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளையின் கால் பற்றிய செய்தியாகவும் அது உருவெடுக்கும்.

இனி, பொறுமையை ஆதரிப்போர் கூற்றுகளைப் பார்ப்போம். நோவைத் தாங்கினால் மனவுறுதி வளரும் என்பது ஒன்று. முற்பிறப்பின் வினைப்பயனை அனுபவித்தே தீரவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது கூற்றுக்கு விடை எளிது: வினைப்பயன் என்று கூறுவோர் தம் பல்லைப் பிடுங்கும்போது விறைப்பூசி வேண்டாமென்று கூறுவதில்லை. முதலாவது கூற்று சற்று ஆழமானது. துன்பத்தில் உறுதிகுலையாமை உயர்ந்த பண்பென்பதில் ஐயமில்லை. ஆயின் நம் அறநூல்கள் அதனை யாரிடம் வேண்டின? திருக்குறளிற் பொறையுடைமை என்னும் அதிகாரம், பிறர் தமக்கிழைத்த தீங்கைத் திருப்பிச் செய்ய வல்லவர் பொறுத்துக்கொள்வதைப் பற்றியது. இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரம் பொருட்பாலில் அரசியலுள் அமைந்தது; வினைமேற்கொண்டு நிற்போருக்கு உரைக்கப்பட்டது. இரண்டுமே வலிமையுள்ளவன் தன்னிடம் தான் வேண்டிக்கொள்ளும் பண்புகள். அவற்றை வலிமையற்றவனுக்குக் கட்டளையாக மாற்றியவர்கள் நாமே. பட்டினிகிடப்பவனிடம் நோன்பின் மேன்மையைப் பேசுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. நோன்பு இருப்பவன் உண்ண முடிந்தும் உண்ணாதவன். முறிந்த காலோடு கிடக்கும் பிள்ளைக்கு அத்தகைய தெரிவு ஏது?

மேலும், தணிக்கப்படாத நோவு உறுதியை வளர்ப்பதாகவும் நாம் காண்பதில்லை. நித்திரை கெடுகின்றது, உணவு செல்வதில்லை, காலை அசைக்க அஞ்சும் பிள்ளை நடக்கப் பழகுவதற்குக் காலந்தாழ்த்துகின்றது, வெள்ளையுடையைக் கண்டாலே நடுங்குகின்றது.

மருந்தினால் வரும் ஆபத்துப் பற்றிய கூற்றை நாம் இவ்வாறு எளிதாகத் தள்ளிவிடலாகாது. அது பொறுப்புள்ளோர் கூறுவது. மோர்பின் அளவு மீறின் மூச்சு அடங்கும். கோடீன் என்னும் மருந்தைச் சில பிள்ளைகளின் உடல் மிக விரைவாக மோர்பினாக மாற்றிவிடும். அதனால் உயிரிழப்புகள் நேர்ந்தமையால், 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 12 வயதுக்குட்பட்டோருக்கு அதனைத் தடை செய்தது. முறிந்த காலிற் தசைகளைச் சுற்றிய உறைக்குள் அழுத்தம் கூடிக் குருதியோட்டம் தடைப்படும் ஆபத்தும் உண்டு. நோவை அடக்கினால் அதன் அறிகுறி மறைந்துவிடும் என்ற அச்சம் வைத்தியரிடையே நெடுங்காலமாக நிலவுகின்றது. ஆயின் பிள்ளைகளில் இவ்வாபத்தின் அறிகுறிகளாக வைத்தியநூல்கள் கூறுபவை பதற்றம், அமைதியின்மை, மேலும் மேலும் நோவு மருந்து வேண்டப்படுதல் என்பவை. மருந்தின் தேவை கூடுகிறது என்று அறியவேண்டுமாயின், முதலில் மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். நோவு அளந்து குறிக்கப்பட்டிருக்கவேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இரவு முழுவதும் அழும் விடுதியில், ஆபத்திலிருக்கும் பிள்ளையின் அழுகையைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஆகவே ஆபத்து என்னும் காரணம் கூடுதலான கவனிப்பைக் கோருகின்றதேயன்றி, மருந்தை மறுப்பதற்கு நியாயமாகவில்லை. கூடுதலான கவனிப்பென்பது கூடுதலான தாதியர் என்று பொருள்படும். இங்கேதான் வைத்தியம் பொருளாதாரத்தைச் சந்திக்கின்றது.

அச்சந்திப்பில் நாம் காண்பது வியப்புக்குரிய முரண்பாடு. அமெரிக்காவில் 1996இல் ஒக்சிகொன்ரின் என்னும் மருந்து சந்தைக்கு வந்தபின், இலாபங் கருதிய விளம்பரத்தால் வலிய நோவு மருந்துகள் தேவைக்கு மீறிப் பரப்பப்பட்டுப் பல்லாயிரம் உயிர்கள் அழிந்தன. அதனை விற்ற பேர்டியூ குழுமம் 2007இலும் 2020இலும் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மறுபுறத்தில், 2017இல் வெளியான லான்செற் ஆணைக்குழுவின் அறிக்கைப்படி, உலகில் ஆண்டொன்றிற் பகிரப்பட்ட, மோர்பினுக்குச் சமமாகக் கணக்கிட்ட 298.5 தொன் மருந்துகளுள் வருமானம் மிகக் குறைந்த நாடுகளுக்குச் சென்றது 0.1 தொன் மாத்திரமே. அந்நாடுகளிற் கடுந்துயருறும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரின் தேவைக்கும், செல்வநாடுகள் கொடுக்கும் மிகக் குறைந்த விலையில் வாங்கினால், ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் போதுமென அதே அறிக்கை கணக்கிட்டது. போதைப்பொருள் பற்றிய 1961ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையின் முகவுரையே, நோவைத் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்று ஏற்கின்றது. ஓரிடத்தில் மிகுதியாற் சாவு. ஓரிடத்தில் இன்மையால் அலறல். மருந்து தேவையைத் தேடிச் செல்லாது பணத்தைத் தேடிச் செல்லும் அமைப்பின் இரு முகங்களே இவை.

போர் நிகழும் இடங்களில் இவ்வமைப்பு தன் மூன்றாவது முகத்தையும் காட்டும். 2009இல் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்கமருந்தும் நோவு மருந்தும் போதாத நிலையிற் சத்திரசிகிச்சைகள் நடந்தன. 2023இன் இறுதியிற் காஸாவில் மயக்கமருந்தின்றிப் பிள்ளைகளின் கால்கள் அகற்றப்பட்டமையை ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் நிதியத்தினர் உலகறியக் கூறினர். மருந்து வண்டியைத் தடுப்பவன் கத்தியெடுத்து யாரையும் வெட்டுவதில்லை. ஆயினும் அந்நோவில் அவனுக்குப் பங்குண்டு.

நம் நாட்டில் வைத்தியம் இலவசம். பல தலைமுறைகளின் போராட்டத்தாலும் வாக்குரிமையாலும் கிடைத்த பேறு அது. எனினும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் அப்பேறு எவ்வளவு மெல்லிய இழையிற் தொங்குகின்றது என்பதைக் கண்டோம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மருந்துகள் இன்மையாற் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்னரே நாள் குறித்த சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. வசதியுள்ளோர் தனியார் வைத்தியசாலைக்குச் சென்றனர். மற்றோருக்குப் பொறுமை உபதேசிக்கப்பட்டது. சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வைத்தியர்முன் கைகட்டி நிற்கும் கூலித்தொழிலாளி, தன் மகனுக்கு நோவு மருந்து வேண்டுமென்று கேட்கத் தயங்குகிறான். கேட்டால் அடக்கமற்றவன் எனப்படுவான். கேளாவிடின் பொறுமைசாலி எனப்படுவான். பொறுமை என்னும் பாராட்டு ஏழைகளுக்கே தாராளமாக வழங்கப்படுவது ஏன் என்பதை நாம் சிந்திக்கவேண்டும்.

ஆசிரியர்களாகிய எமக்கும் இதிற் பங்குண்டு. நோவை மறைக்கும் பாடத்தைப் பிள்ளை வைத்தியசாலையிற் கற்பதில்லை. அதற்கு முன்பே வகுப்பறையிற் கற்றுவிடுகின்றது. “அடியாத மாடு படியாது” என்னும் பழமொழியை நம்பிய வகுப்பறை அது. உடற்தண்டனையைக் கல்வியமைச்சின் 2005ஆம், 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைகள் விலக்கிய பின்னரும் பிரம்பு முற்றாக மறையவில்லை. அடிபட்டு அழாத மாணவன் வீரன், அழுதவன் கோழை என்று சிரித்த வகுப்பிலிருந்து வந்த பிள்ளை, தாதியிடம் தன் நோவை எப்படிச் சொல்லும்? ஆகவே பிரம்பைக் கைவிடுவதோடு எம் வேலை முடிவதில்லை. ‘எங்கே நோகுது, எப்படி நோகுது’ என்று கேட்பதும், கேட்டபின் நம்புவதும், அதனைச் சொல்லப் பிள்ளைக்குச் சொற்களைக் கொடுப்பதும் கல்வியின் பகுதிகள். முறிந்த கால் பொருந்திப் பள்ளிக்கு மீளும் பிள்ளையை மேல்மாடி வகுப்புக்கு ஏறச் சொல்லாது, வகுப்பைக் கீழே கொண்டுவருவதும் அக்கல்வியே.

வைத்தியசாலையில் நாம் கேட்கவேண்டியவையும் அரியன அல்ல. நோவு மருந்து வேளை குறித்துக் கொடுக்கப்படட்டும். நாடித்துடிப்பைக் குறிப்பதுபோல நோவும் அளந்து குறிக்கப்படட்டும். உணர்வகற்றும் மருந்து எப்போது தணியும், அப்போது என்ன செய்யப்படும் என்பது தாய்க்கு அவள் மொழியிற் சொல்லப்படட்டும். இரவில் ஒரு தாதிக்கு இத்தனை பிள்ளைகள் என்னும் எல்லை இருக்கட்டும். மோர்பின் பெட்டியிற் பூட்டப்பட்டிருப்பது நன்று. அதன் திறப்பு இரவிலும் அருகிலிருக்கட்டும். இவற்றைக் கேட்பது நன்றிகெட்ட செயலென எவரேனும் கூறின், இலவச வைத்தியம் யாருடைய வரியிலும் வியர்வையிலும் நடக்கின்றது என்பதை நாம் அமைதியாக நினைவூட்டலாம்.

பொறுமையை நாம் பழிக்கவில்லை. தாதியர் பற்றாக்குறையிலும் முகஞ்சுளியாமற் பணிபுரியும் தாதிக்கு அது வேண்டும். அழும் பிள்ளையின் சொல்லை இறுதிவரை கேட்க வைத்தியருக்கு அது வேண்டும். உரிமையைக் கேட்டு, மறுக்கப்பட்டு, மீண்டும் கேட்கப் பெற்றோருக்கும் எமக்கும் அது மிக வேண்டும். பெரியோர் பொறுமை கொள்ளவேண்டிய இடங்கள் இவ்வளவு இருக்க, அதனை ஒன்பது வயதுப் பிள்ளையின் முறிந்த காலின்மேல் ஏற்றிவைத்தல் அறமாகாது.